20 யந்திரம் போதும் என்றது யார்?

பணம் இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் சாகலாம் என்று எந்தத் தேசத்துச் சட்டப் புத்தகத்திலும் எழுதியில்லை. எழுதியிருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போன ஏழையின் விஷயத்தில் உலகம் பூராவும் நடந்துவருவது இதுதான்.

2010-ஆம் ஆண்டின் நிலைமையை ஆராய்ந்து 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகை 2015-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த ஆண்டில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையோ மாற்றுச் சிறுநீரகமோ கிடைத்து உயிரோடிருந்தவர்கள் உலகத்தில் 26 லட்சம் பேர். அதே சிகிச்சை கிடைக்காததால் அகாலத்தில் மாண்டிருக்கக்கூடியவர்கள், குறைத்துப் போட்டாலும், சுமார் 23 லட்சம் பேர். இந்த 23 லட்சத்தில் 19 லட்சம் பேர் ஆசியாக் கண்டத்து ஜனங்கள்.

மருந்து கண்டுபிடிக்காத வியாதியால் இவர்கள் சாகவில்லை. வழி கண்டுபிடித்து 80 வருஷம் தாண்டிவிட்டது. அப்படியானால் 26 லட்சம் பேரை ஒரு பக்கமும் 23 லட்சம் பேரை மறு பக்கமும் பிரித்து நிறுத்தியது யார்? இந்தக் கேள்வியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கொத்துக்கறி உறையில் பிறந்த யந்திரம்

சிறுநீரகத்தைச் சில ஊர்களில் மூத்திரக்காய் என்பார்கள், சில ஊர்களில் குண்டிக்காய் என்பார்கள். இப்போது எல்லா ஊரிலும் கிட்னி. முதுகுப் பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. ரத்தத்தை வடிகட்டி, உடம்புக்கு வேண்டாத கழிவையும் மிஞ்சிய தண்ணீரையும் உப்பையும் மூத்திரமாக வெளியே தள்ளுவது அதன் வேலை. ஒன்று கெட்டால் மற்றொன்று சமாளிக்கும். இரண்டும் கெட்டால் கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும். கால் வீங்கும், சோறு வேண்டியிராது, வாந்தி வரும், படுத்தால் மூச்சு முட்டும். பிறகு சாவுதான்.

1943-இல் ஹாலந்து தேசம் ஹிட்லர் படைகளின் காலடியில் கிடந்தது. அங்கே காம்பன் என்ற சின்னப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையைச் செய்ய ஒரு யந்திரம் கட்டினார். யுத்த காலமாதலால் சாமான் கிடைக்காது. கொத்துக்கறி அடைத்து விற்கும் செலோபேன் உறையை வாங்கினார். மரச்சட்டங்களால் ஆன உருளையில் அதைச் சுற்றி, உருளையை உப்புநீர்த் தொட்டியில் பாதி அமிழ்த்திச் சுழல விட்டார். உறைக்குள்ளே நோயாளியின் ரத்தம் ஓடும். கழிவு மட்டும் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீருக்குள் இறங்கிவிடும். சுத்தமான ரத்தம் திரும்ப உடம்புக்குப் போகும். ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். பார்த்தால் நம் பட்டறைச் சாமான் மாதிரிதான் இருந்தது!

முதலில் அதில் சிகிச்சை பெற்றவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-இல் ஒரு பெண்மணி பிழைத்தார். வயது 67. நாஜிகளுக்குத் துணை போனவர் என்று சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். இவர் செத்தால் நல்லது என்று நினைத்த ஊரார் அன்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். டாக்டர் அதையெல்லாம் கேட்கவில்லை. சாகக் கிடந்த ஒரு மனுஷியை யந்திரத்தில் சேர்த்தார், அவ்வளவுதான். யுத்தம் முடிந்ததும் தாம் கட்டிய யந்திரங்களை வேற்று நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுத்தார்.

கதை தொடங்கியது இப்படி. அது தொடர்ந்தது வேறு விதமாக.

ஏழு பேர் கமிட்டி

கோல்ஃப் யந்திரத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயை அறுத்துத்தான் இணைக்கவேண்டும். சில தடவைக்குமேல் அறுக்க இடம் இராது. ஆகவே கொஞ்ச நாளைக்குப் பழுதாகிப் பிறகு தானே தேறிவிடும் சிறுநீரகத்துக்குத்தான் அது உதவியது. அடியோடு கெட்டவர்களுக்கு உதவவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்திவைத்து, வேண்டும்போதெல்லாம் யந்திரத்தோடு இணைக்க வழி செய்தார். அன்றுமுதல் இரண்டு சிறுநீரகமும் போனவர்கூட வருஷக்கணக்கில் உயிர்வாழ முடியும் என்றாயிற்று.

1962-இல் சியாட்டிலில் இதற்கென ஒரு நிலையம் திறந்தார்கள். படுக்கை சில, வந்து நின்றவர்கள் பலர். யாரைச் சேர்ப்பது? டாக்டர்கள் முதலில் குழந்தைகளையும் 45 வயது கடந்தவர்களையும் கழித்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பொறுக்குவதற்கு ஊர்ப் பிரமுகர்கள் ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பாங்கிக்காரர், ஒரு குடும்பப் பெண், ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஓர் அறுவை சிகிச்சை டாக்டர், ஒரு தொழிற்சங்கத் தலைவர். ஆம், நம் ஆள் ஒருவரும் அதில் இருந்தார்! ஏழு பேரின் பெயரும் வெளியே சொல்லப்படவில்லை.

இவர்கள் எதை வைத்து நிறுத்துப் பார்த்தார்கள் என்பதை 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகை வெளிப்படுத்தியது. கலியாணமானவரா? பிள்ளைகள் எத்தனை? என்ன படிப்பு? என்ன உத்தியோகம்? வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு? மாதாகோவிலுக்குப் போகிறவரா? ஊருக்கு உபயோகமானவரா?

தோழர்களே, உங்களை நீங்களே அந்த மேஜையின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். படிப்பு நாலாம் வகுப்பு. உத்தியோகம் நாற்று நடுவது, அல்லது ஆலையில் கழிவுப் பஞ்சு கூட்டுவது. சொத்து ஓர் ஓலைக் குடிசை. கமிட்டி என்ன முடிவு சொல்லும்? அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம், ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கலாம். ஆனால் வசதியுள்ளவன் கையில் தராசைக் கொடுத்தால், தன்னைப்போல் இருப்பவனுடைய உயிர்தான் கனமாகத் தெரியும். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

அந்த மாதிரிக் கமிட்டிகளுக்கு எப்படி வேலையில்லாமல் போயிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். 1971-இல் ஒரு நோயாளி அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்னாலேயே யந்திரத்தைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தார். 1972-இல் சட்டம் வந்தது. 1973 ஜூலை 1 முதல், எந்த வயதினரானாலும், சிறுநீரகம் செயலிழந்த அநேகமாக எல்லோருடைய செலவையும் சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. சர்க்கார் பணம் வந்ததும் இடங்கள் பெருகின. நோயாளிகள் குறைந்ததால் அல்ல, இடங்கள் கூடியதால்தான் பொறுக்கி எடுக்கும் வேலை நின்றது.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததையும் மறைக்கக் கூடாது. சர்க்கார் பணம் நிச்சயமாக வருகிற இடம் என்றதும் கம்பெனிகள் மொய்த்தன. இன்று அமெரிக்க டயாலிசிஸ் தொழிலில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஃப்ரெசீனியஸ், டாவிட்டா என்ற இரண்டே கம்பெனிகளின் கையில். கலிபோர்னியாவில் இந்தத் தொழிலுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம் 2018, 2020, 2022 என மூன்று முறை ஜன வாக்கெடுப்புக்குப் போயிற்று. மூன்று முறையும் தோற்றது. 2018-இல் மட்டும் அதைத் தோற்கடிக்கக் கம்பெனிகள் கொட்டிய பணம் 10 கோடி டாலருக்குமேல். சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. காகிதம் இல்லாமல் குடியேறி அந்நாட்டு வயல்களில் அறுவடை செய்யும் கூலிகளுக்குப் பல மாகாணங்களில் முறையான டயாலிசிஸ் கிடையாது. மூச்சு முட்டிச் சாகும் தறுவாயில் வந்தால்தான் அவசர சிகிச்சை. இப்படி நடத்தப்பட்டவர்கள், முறையாக சிகிச்சை பெற்றவர்களைவிட 14 மடங்கு அதிகமாக இறந்தார்கள் என்று 2018-இல் வந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

டர்பன் வழக்கு

இனி தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். டர்பன் நகரத்தை நமக்குத் தெரியும். 1860-இல் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்த இடம் அது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1997-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தின் முன் நின்ற டர்பன்வாசியின் பெயரைக் கேளுங்கள்: தியாகராஜ் சூப்ரமணி. வயது 41, வேலை கிடையாது. நீரிழிவு, இருதய நோய், ஒரு தடவை பக்கவாதமும் வந்தது. 1996-இல் சிறுநீரகங்களும் போயின.

கையிலிருந்த பணம் தீரும்வரை தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டார். தீர்ந்ததும் ஆடிங்டன் சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டினார். அங்கே இருந்தது 20 யந்திரம், அதிலும் சில பழுது. ஒருவருக்கு 4 மணி நேரம் ஓட்டவேண்டும், பிறகு யந்திரத்தைக் கழுவ 2 மணி நேரம். ஆகவே ஆஸ்பத்திரி ஒரு விதி எழுதிவைத்திருந்தது. சிறுநீரகம் தாற்காலிகமாகப் பழுதானவர்களுக்கு யந்திரம் உண்டு. அடியோடு கெட்டவர்களானால், மாற்றுச் சிறுநீரகம் வைக்க லாயக்கானவர்களுக்கு மட்டும் உண்டு. இருதய நோய் இருந்ததால் சூப்ரமணி லாயக்கில்லை. கதவு அடைந்தது.

அவர் கோர்ட்டுக்குப் போனார். இனவெறி ஆட்சி ஒழிந்து புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்த வருஷம் அது. உயிர் வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் கேட்டார். 1997 நவம்பர் 27-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இது திடீரென்று வந்த அவசரம் அல்ல, நாள்பட்ட வியாதி, சர்க்கார் கையிலுள்ள வசதிக்கு உட்பட்டுத்தான் வைத்தியம் தரமுடியும், இவருக்குக் கொடுத்தால் இவரைப்போன்ற எல்லோருக்கும் கொடுக்கவேண்டிவரும் என்று வழக்கைத் தள்ளினார்கள். தீர்ப்புக்குப் பின் சூப்ரமணி அதிக நாள் இருக்கவில்லை.

தள்ளியவர்கள் யார்? தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன், மண்டேலாவுக்காக ரிவோனியா வழக்கில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர். உடன்பட்டுத் தனித் தீர்ப்பு எழுதிய ஆல்பி சாக்ஸ், இனவெறி ஆட்சி வைத்த குண்டில் 1988-இல் ஒரு கையை இழந்தவர். ஏழையின் துயரம் தெரியாத கல்நெஞ்சர்கள் என்று இவர்களைச் சொல்ல நாக்கு வராது. ஆஸ்பத்திரியின் விதியிலும் பெரிய குற்றம் காணமுடியவில்லை. எழுதிவைத்த விதி, எல்லோருக்கும் ஒரே விதி, பணக்காரன் சிபாரிசு பிடித்து உள்ளே நுழையமுடியாத விதி. சியாட்டில் கமிட்டியைவிட இது எவ்வளவோ மேல். இருப்பதைப் பங்கிட்டுத்தான் ஆகவேண்டுமானால் இப்படித்தான் பங்கிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு எங்கே கோளாறு? அந்த வழக்கில் எல்லோரும் 20-இலிருந்து கணக்கை ஆரம்பித்தார்கள். 20 யந்திரத்தை நியாயமாக எப்படிப் பங்கிடுவது என்று நுட்பமாக வாதாடினார்கள். ஏன் 20? ஏன் 100 இல்லை? அதை முடிவு செய்தது எந்த மேஜையில்? அது கோர்ட்டின் வேலையல்ல, சர்க்காரின் வேலை என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் 20 என்பது மழையளவு போல வானத்திலிருந்து விழுந்த கணக்கல்ல. யாரோ உட்கார்ந்து, பேனாவால் எழுதிய எண்.

அந்தப் பேனா வேறு எண்களும் எழுதியது. ஒரு நோயாளிக்கு ஒரு வருஷ டயாலிசிஸுக்கு அன்று ஆன செலவு 60,000 ராண்ட் என்று அந்த வழக்கிலேயே சொல்லப்பட்டது. இரண்டே வருஷம் கழித்து, 1999-இல், அதே தேசம் யுத்தக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் போர் விமானங்களும் வாங்க ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. மதிப்பு ஏறக்குறைய 3,000 கோடி ராண்ட். வகுத்துப் பாருங்கள்: 5 லட்சம் பேருக்கு ஒரு வருஷ சிகிச்சை! கையிலுள்ள வசதி என்ற வார்த்தைக்கு டர்பன் ஆஸ்பத்திரியில் ஓர் அர்த்தம், ஆயுதக் கடையில் வேறோர் அர்த்தம்.

தாய்லாந்து செய்தது

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். ஒரு கிட்னி நோயாளிக்கு வருஷா வருஷம் கொட்டுகிற பணத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடலாம், எத்தனை பிரசவத்தைக் காப்பாற்றலாம் என்று கேட்பார்கள். கிராமத்தில் நடந்து தேய்கிற ஒரு நர்ஸ் அம்மாள் இதைக் கேட்டால் நான் மரியாதையோடு உட்கார்ந்து பதில் சொல்வேன். ஏழை நாட்டில் எது முதலில் என்பது நிஜமான கேள்விதான். ஆனால் இதை அதிகமாகக் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டில் ஒருவருக்கு சிறுநீரகம் போனால் தடுப்பூசிக் கணக்குப் பார்ப்பதில்லை. பச்சைக் குழந்தையையும் சாகக் கிடக்கும் கூலிக்காரனையும் ஒரே கியூவில் நிறுத்தி, நீ முந்தியா நான் முந்தியா என்று மோதவிட்டவன் அந்தக் கியூவில் நிற்பதே இல்லை!

தாய்லாந்து பெரிய பணக்கார தேசமல்ல. 2002-இல் அங்கே எல்லா ஜனங்களுக்கும் சர்க்கார் வைத்தியத் திட்டம் வந்தது. ஆனால் டயாலிசிஸ் அதில் சேரவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு உண்டு, கம்பெனி ஊழியருக்கு உண்டு, நெல் விளைவிக்கும் குடியானவனுக்குக் கிடையாது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று பொருளாதார நிபுணர்கள் கணக்குக் காட்டினார்கள். நோயாளிகள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். தகப்பனைக் காப்பாற்ற நிலத்தை விற்றுக் குடும்பமே தெருவுக்கு வருவதைத் தடுக்கவேண்டும் என்ற வாதம் கடைசியில் வென்றது. 2008-இலிருந்து குடியானவனுக்கும் அந்தச் சிகிச்சை இனாமாயிற்று.

யந்திரம் போதாதே, என்ன செய்தார்கள்? வயிற்று டயாலிசிஸை முதலில் வைத்தார்கள். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, அதன் வழியே பையிலிருந்து திரவத்தை இறக்குவது, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவது. வயிற்றின் உட்சவ்வே வடிகட்டி. நாளைக்கு நான்கைந்து தடவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பெரிய யந்திரம் வேண்டாம், பட்டணத்துக்கு ஓடவேண்டாம். கை சுத்தம், இடம் சுத்தம் மட்டும் கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடித்துவிடும். திரவப் பைகளைத் தபால் இலாகா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. 2022-இல் எந்த முறை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டார்கள். யந்திர சிகிச்சைக்குப் போனவர்கள் பெருகிச் செலவு ஏறியது. 2025-இல் மறுபடியும் வயிற்று முறைக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஏற்றமும் இறக்கமும் உண்டு, பூரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் டர்பனில் மாறாது என்று வைத்துக்கொண்ட எண் பாங்காக்கில் மாறியது.

நம் வீட்டு நிலவரம்

2016-இல் இந்திய சர்க்காரின் பட்ஜெட் பேச்சிலேயே ஒரு வாக்குமூலம் இருக்கிறது. வருஷத்துக்கு 2.2 லட்சம் பேர் புதிதாக சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆகிறார்கள். நாட்டிலுள்ள டயாலிசிஸ் நிலையங்கள் சுமார் 4,950. பெரும்பாலும் தனியாருடையவை, பெரிய பட்டணங்களில் குவிந்தவை. தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 2,000 ரூபாய், வருஷத்துக்கு 3 லட்சத்துக்குமேல். இவ்வளவும் பார்லிமெண்டில் சொன்னது. அதையொட்டி ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இனாம் டயாலிசிஸ் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இன்ஷூரன்ஸ் திட்டத்திலும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்று டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கு வருகின்றன. நல்ல காரியங்கள். நல்லது என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

ஆனால் இனாம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ, தடவைக்கு 4 மணி நேரம். போகவர பஸ். துணைக்கு மனைவி. ஆக இரண்டு பேருடைய கூலி போயிற்று. ஊசியும் மாத்திரையும் ஸ்டாக் இல்லை என்றால் வெளியே வாங்கவேண்டும். ஷிப்டை விட்டுப் போகிறவனை எந்த மில் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளும்? யந்திரம் இனாமாக இருந்தும், வாரம் மூன்று வரவேண்டியவர் இரண்டுக்கு வருவார், பிறகு ஒன்றுக்கு வருவார், பிறகு வரமாட்டார். எந்தக் கமிட்டியும் அவரைத் தள்ளவில்லை, எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. பஸ் சார்ஜ் தள்ளிவிட்டது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அது இன்னும் கேவலமானது. சிகிச்சைக்குப் போகமுடியாத ஏழையின் சிறுநீரகத்துக்கு மட்டும் சந்தையில் கிராக்கி! சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்ததே, யாரால் வந்தது? 1994-இல் உறுப்பு விற்பனையைத் தடை செய்து சட்டம் வந்தது. 2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு விசாரித்த ஆராய்ச்சி 2002-இல் வெளிவந்தது. 305 பேரில் 100-க்கு 71 பேர் பெண்கள். 100-க்கு 96 பேர் விற்ற காரணம் கடன். கிடைத்தது சராசரி ஆயிரத்துச் சொச்சம் டாலர். கடன் தீர்ந்ததா? 100-க்கு 74 பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, ஏனென்றால் வெட்டுப்பட்ட உடம்பால் முன்போல் வேலை செய்ய முடியவில்லை. உடம்பு கெட்டது என்றவர்கள் 100-க்கு 86 பேர். மற்றவர்களும் விற்கலாமா என்று கேட்டதற்குக் கூடாது என்றவர்கள் 79.

அந்த எண்களை மெதுவாக இன்னொரு தடவை படியுங்கள். தாராளமாக விற்கவிட்டால் ஏழைக்குப் பணம், நோயாளிக்கு உயிர், இருவருக்கும் லாபம் என்று வாதாடும் பண்டிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். விற்றவனுக்கு என்ன லாபம் வந்தது என்பது அந்த 305 பேரின் கணக்கில் இருக்கிறது. லாபம் தரகனுக்கு, வட்டிக்காரனுக்கு. 2008-இல் இஸ்தான்புல் நகரில் பல தேசத்து டாக்டர்கள் கூடி உறுப்பு வியாபாரத்தைக் கண்டித்துப் பிரகடனம் செய்தார்கள். வியாபாரம் நின்றுவிடவில்லை. 2025-இலும் நாமக்கல் பக்கம் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளிடம் சிறுநீரகம் பேரம் பேசப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். தறி ஓட்டுகிறவனுக்குக் கடன் ஏன் வந்தது என்று கேட்காமல் தரகனை மட்டும் பிடித்து உள்ளே போட்டால், அடுத்த தெருவில் இன்னொரு தரகன் முளைப்பான்.

கரும்புக் காட்டில் காயும் உடம்பு

சிறுநீரகம் ஏன் கெடுகிறது? நீரிழிவும் ரத்தக் கொதிப்பும்தான் பெரிய காரணங்கள். இரண்டுக்கும் மலிவான மாத்திரை உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் பல பேர் யந்திரத்துக்கே போகவேண்டியதில்லை. தடுப்பூசி வாதம் பேசுகிறவர்கள் இந்த மாத்திரை ஒவ்வொரு கிராமத்திலும் 12 மாதமும் கிடைக்கிறதா என்று கேட்டால் நாமும் கூடச் சேர்ந்து கேட்போம்.

விவசாயத் தொழிலாளர்கள் அறியவேண்டிய வேறொரு காரணமும் இருக்கிறது. நிகராகுவா, எல் சால்வடார் ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளில் கரும்பு வெட்டும் வாலிபர்களுக்கு, நீரிழிவும் இல்லாமல் கொதிப்பும் இல்லாமல், சிறுநீரகம் கெட்டு வருகிறது. நிகராகுவாவில் ஒரு குடியிருப்பில் ஆண்கள் இப்படிச் செத்துச் செத்து அதற்கு விதவைகளின் தீவு என்றே பெயர் வந்துவிட்டது. இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடையேயும் 1990-களிலிருந்து இதுபோன்ற ஒரு வியாதி பரவிவருகிறது. இலங்கையில் தண்ணீரையும் ரசாயனத்தையும் சந்தேகிக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. கரும்புக் காட்டு விஷயத்தில் ஒன்று அநேகமாகத் தெளிவாகிவிட்டது. கொளுத்தும் வெயிலில், குடிக்கத் தண்ணீரில்லாமல், நிழலில்லாமல், டன் கணக்குக் கூலிக்காக மூச்சு விடாமல் வெட்டுகிற உடம்பு வற்றுகிறது. நாள்தோறும் வற்றிய சிறுநீரகம் கடைசியில் சுருங்கிவிடுகிறது. நிகராகுவாவில் ஒரு சர்க்கரை ஆலையில் வயலுக்குத் தண்ணீர், கூடாரம் போட்டு நிழல், மணிக்கணக்கு வைத்து ஓய்வு என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

இங்கே உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும், செங்கல் சூளையில் சுமக்கிறவர்களுக்கும், மில்லின் சைசிங் பகுதியில் ஆவியில் வேகிறவர்களுக்கும் இது எட்டாத செய்தியா? மூத்திரம் போக ஷெட்டை விட்டு வெளியே விடமாட்டான் என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்று அவரவர் ஆலையில் கேட்டுப் பாருங்கள். குடிதண்ணீர்ப் பானையும் கக்கூசும் போனஸுக்கு அடுத்த சில்லறைக் கோரிக்கை என்று நினைக்கிற வழக்கம் நமக்குள்ளேயும் இருக்கிறது.

2025 மே மாதம் ஜினீவாவில் கூடிய உலக சுகாதார சபை சிறுநீரக நோயைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. கொண்டுவந்தது கரும்பு விளையும் சிறு தேசமான குவாதமாலா. தடுப்பதற்கும் சிகிச்சைக்கும் எல்லா சர்க்கார்களும் ஏற்பாடு செய்யவேண்டுமாம். நம் சர்க்காரும் அந்தச் சபையில் அங்கம். ஜினீவாவில் சொன்னது தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்கவேண்டியவர்கள் நாம்.

ஆகவே ஒவ்வொரு ஊர்க் கிளையும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் போங்கள். டயாலிசிஸ் யந்திரம் எத்தனை, ஓடுவது எத்தனை, நாளைக்கு எத்தனை ஷிப்டு, காத்திருப்போர் எத்தனை பேர், வரிசை எந்த விதிப்படி என்று கேளுங்கள். விதியையும் வரிசையையும் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நின்றுபோனவர்கள் யார் யார், ஏன் நின்றார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே போய் விசாரியுங்கள், பஸ் சார்ஜ் எவ்வளவு, கூலி நட்டம் எவ்வளவு என்பது உள்பட. வயிற்று டயாலிசிஸ் பை மாதாமாதம் வருகிறதா, நடுவில் நின்றதா என்றும் பாருங்கள். பெயர் போடவேண்டாம், எண்களை மட்டும் எழுதி நம் பத்திரிகை விலாசத்துக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாக அச்சிடுவோம்.